கிழங்குக்கு இருட்டு, பழத்துக்கு அடுப்படி

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மரக்கறியும் பழமும் பழுதாகிப் போவதைப் பற்றியவை. காசு கொடுத்து வாங்கியதைக் குப்பையில் கொட்டும்போது வயிறு எரியும். எனக்கும் எரியும். அதனால் இம்முறை அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

டீச்சர், வாழைப்பழத்தை நான் ஒருநாளும் பிரிட்ஜில் வைப்பதில்லை. மேசையில்தான் கிடக்கிறது. அப்படியிருந்தும் தோல் கறுத்துப் போகிறது, உள்ளே பழுக்காமல் கட்டியாக இருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றுகிறாரா?
*இல்லத்தரசி, நுவரெலியா*

கடைக்காரர் மேல் பிழை இல்லை மகள். குளிர்தான் காரணம். வாழைப்பழத்துக்கு 13 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் ஒத்துவராது. தோல் சாம்பல் பூத்தாற்போல் மங்கிக் கறுக்கும், உள்ளே பழுப்பதும் நின்றுவிடும். உங்கள் ஊரில் இரவு 11, 12 பாகைக்கு இறங்குவது சாதாரணம். மாசி மாதத்துப் பனியில் இன்னும் கீழே போகும். ரேடியோவிலும் பத்திரிகையிலும் வரும் குறிப்புகள் பெரும்பாலும் கொழும்புச் சமையலறையை மனதில் வைத்துச் சொல்பவை. "அறையில் வையுங்கள்" என்றால் அங்கே அது சூடான அறை. நமக்கு அப்படியில்லை.

எங்கள் அம்மா வாழைத்தாரை அடுப்படியில், விறகு அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளிக் கயிற்றில் தொங்க விடுவார். அங்கே இரவிலும் வெதுவெதுப்பு இருக்கும். அதோடு விறகுப் புகையில் எத்திலீன் என்ற வாயு உண்டு. பழம் பழுக்கும்போது தானாக விடுவதும் அதே வாயுதான். இப்போது காஸ் அடுப்பு வைத்திருப்பவர்கள் சீப்பைத் துணியில் சுற்றி அரிசி வாளிக்குள் வைக்கலாம். பச்சையாக வாங்கிய தக்காளிக்கும் இதே வைத்தியம்தான். ஒரு பழுத்த வாழைப்பழத்தோடு காகிதப் பையில் போட்டு அடுப்படியில் வையுங்கள்.

அன்பின் டீச்சர், உருளைக்கிழங்கு விலை இறங்கியபோது பத்துக் கிலோ வாங்கினோம். மூன்று கிழமையில் பாதி முளைத்துவிட்டது, சிலது பச்சையாகவும் இருக்கிறது. பிரிட்ஜில் வைத்திருக்க வேண்டுமோ? பச்சையானதைச் சாப்பிடலாமா?
*தோட்டத் தொழிலாளி, தலவாக்கலை*

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். கிழங்கு எங்கள் வீட்டைக் காப்பாற்றிய பொருள். 1973, 74இல் தோட்டங்களில் அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு வந்தபோது எனக்குப் பத்து வயது. ராகலைப் பக்கம் லயத்துக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் அப்பா போட்ட கிழங்கைத்தான் காலையும் இரவும் அவித்துத் தின்றோம். அதில் ஒன்று கெட்டாலும் ஒருவருடைய சாப்பாடு போன மாதிரி. அதனால் அப்பா கிழங்கை வைக்கிற விதமே தனி.

கிண்டி எடுத்ததும் கழுவ மாட்டார். இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், சாக்கை விரித்து, வெயில் படாமல் பரப்பி, மண் காய்ந்ததும் கையால் தட்டி விடுவார். பிறகு ஒவ்வொரு கிழங்காக எடுத்துப் பெருவிரலால் தோலை அழுத்தித் தேய்ப்பார். தோல் உரிந்து வந்தால் அது இளங்கிழங்கு, அந்த வாரமே குழம்புக்கு. உரியாமல் நின்றால் வைப்புக்கு. மண்வெட்டி பட்டது, புழு குத்தியது எல்லாம் தனிக் கூடையில், முதலில் சமைக்க. நல்லதெல்லாம் கட்டிலுக்கு அடியில் பலகை போட்டு, காய்ந்த மானாப் புல் பரப்பி, அதன் மேல். மேலே ஒரு பழைய சாக்கு, வெளிச்சம் விழாமல். கிழமைக்கு ஒருமுறை எங்களைக் கட்டிலுக்கு அடியில் அனுப்பி மோந்து பார்க்கச் சொல்வார். அழுகின கிழங்கைக் கண்ணுக்கு முன் மூக்கு கண்டுபிடிக்கும்.

உங்கள் கிழங்கு பச்சையானது வெளிச்சத்தால். பச்சை நிறம் தீங்கில்லை, ஆனால் அதோடு சேர்ந்து சொலனின் என்ற கசப்பு நஞ்சும் ஊறும். அது அவித்தாலும் பொரித்தாலும் போகாது. ஆசிரியையாகிய புதிதில் நானே இதில் மாட்டினேன். வாடகை அறையின் ஜன்னலுக்குக் கீழே கிழங்கைக் கொட்டி வைத்து, பச்சையானதையும் தோல் சீவிக் கறி வைத்தேன். நாக்கில் கசப்புத் தட்டியது, வீணாக்க மனமில்லாமல் சாப்பிட்டேன், இரவெல்லாம் வயிற்றுவலியும் வாந்தியும். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பச்சை என்றால் ஆழமாகச் சீவி எறியுங்கள். பாதி பச்சை என்றால், கசந்தால், முழுதையும் எறியுங்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

முளை சிறிதாக, கிழங்கு கெட்டியாக இருந்தால் முளையைத் தோண்டி எடுத்துவிட்டுச் சமைக்கலாம். சுருங்கித் தொளதொளத்ததை மண்ணில் புதைத்துப் பாருங்கள், முளைத்தால் லாபம்.

பிரிட்ஜ் வேண்டாம். அந்தக் குளிரில் கிழங்கின் மாச்சத்து சீனியாக மாறும். பொரித்தால் சட்டென்று கறுக்கும், ருசியும் இனிப்பாகத் திரியும். தலவாக்கலைக் குளிர் கிழங்குக்குக் கொழும்பை விட எவ்வளவோ நல்லது, இருட்டும் காற்றும் மட்டும் நீங்கள் கொடுத்தால் போதும். பெரிய வெங்காயத்தைப் பக்கத்தில் வைக்காதீர்கள். கிழங்கு ஈரம் கேட்கும், வெங்காயம் காய்ந்த இடம் கேட்கும். வெங்காயத்தை வலைப்பையில் உயரத்தில் தொங்க விடுங்கள்.

பிரிட்ஜில் வைத்த கீரையும் போஞ்சியும் நாலே நாளில் வழவழத்துப் போகின்றன. கரட் கசக்கிறது. என்ன பிழை செய்கிறேன்?
*ஆசிரியை, ஹட்டன்*

கடையில் தந்த ஷொப்பிங் பேக்கை முடிச்சுப் போட்டு அப்படியே உள்ளே தள்ளுகிறீர்கள் என்று நினைக்கிறேன். மரக்கறி மூச்சு விடும். அந்த ஈரம் பைக்குள் முத்து முத்தாக நிற்கும், அழுகல் அங்கேதான் தொடங்கும். கழுவாமல், பழைய பேப்பரில் சுற்றி, பையின் வாயைத் திறந்து வையுங்கள். பேப்பர் நனைந்தால் மாற்றுங்கள். போஞ்சியை ஒரு கிழமைக்கு மேல் வைக்கவே கூடாது, குளிரில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளி விழும்.

கரட் கசப்பதற்கு அதே எத்திலீன் காரணமாக இருக்கலாம். அப்பிளோ பேரிக்காயோ அதே தட்டில் இருந்தால் வேறு தட்டுக்கு மாற்றிப் பாருங்கள். கரட்டின் இலையை வந்தவுடன் வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கிழங்கில் உள்ள நீரை இலை உறிஞ்சும். கழுவிப் பளபளவென்று வரும் கரட்டை விட மண்ணோடு கிடைக்கும் கரட் அதிக நாள் இருக்கும். எங்கேயாவது கண்டால் விடாதீர்கள்.

பட்டர் புரூட் ஒரேயடியாகப் பழுத்துவிடுகிறது, என்ன செய்ய?
*வெலிமடை வாசகர்*

அது மரத்தில் பழுக்காது தம்பி, பறித்த பிறகுதான் பழுக்கும். ஆகவே தேவைக்குத் தேவை, சின்னக் காம்பு விட்டுப் பறியுங்கள். பழுத்ததை மட்டும் பிரிட்ஜில் வையுங்கள்.

மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மாதம் ஒருமுறை இரவு பஸ்ஸில் மரக்கறி அனுப்புகிறேன். போய்ச் சேரும்போது எல்லாம் வேர்த்து, நசிந்து இருக்கிறதாம். "அனுப்பாதீங்கம்மா" என்கிறான். எனக்கு மனசு கேட்கவில்லை.
*தாய், பண்டாரவளை*

அனுப்புங்கள் அக்கா. வேர்ப்பது, குளிர்ந்த மரக்கறி சூடான காற்றுக்குள் போவதால். அதை முழுதாக நிறுத்த முடியாது, ஆனால் ஈரத்தைக் குறைக்கலாம். பனி காய்ந்த பிறகு பறியுங்கள், மழை நாளில் பறிக்க வேண்டாம். உரப்பையை விட்டுவிட்டு காட்போட் பெட்டி எடுங்கள், இரண்டு பக்கமும் நாலைந்து ஓட்டை போடுங்கள். அடியில் கிழங்கு, பீட்ரூட். அதன் மேல் கோவா, வெளி இலையைக் கழற்றாமல். நடுவே கசக்கிய பேப்பர். போஞ்சியும் கெட்டியான தக்காளியும் மேலே. லீக்ஸைத் தனியாகப் பேப்பரில் சுற்றுங்கள், அதன் வாசம் மற்றதில் ஏறும். பழுத்த பழம் ஒன்றும் வேண்டாம். பட்டர் புரூட் கொடுத்தால் கல்லாக இருப்பதையே கொடுங்கள், கொழும்புச் சூட்டில் சில நாளில் பழுத்துவிடும்.

மகனிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். பெட்டி வந்ததும், தூக்கக் கலக்கமாக இருந்தாலும், எல்லாவற்றையும் எடுத்து ஃபேனுக்குக் கீழே அரை மணித்தியாலம் பரப்பட்டும். ஈரம் காய்ந்த பிறகு கீரை, போஞ்சி, கரட்டைப் பேப்பரில் சுற்றி பிரிட்ஜில் வைக்கட்டும்.