இணையப் பக்க வடிவமைப்பு: கேள்வி பதில்

கோவையில் இணையப் பக்கங்களை வடிவமைத்துவரும் நான், வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

பல்லடம், கல்லூரி மாணவி: இத்தொழிலுக்கு வர முதலில் எதைக் கற்க வேண்டும், ஐயா?

பக்கத்தின் உள்ளடக்கத்தை அமைக்கும் எச்.டி.எம்.எல்., அதன் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ். ஆகிய இரண்டு குறிமொழிகளையும் கையால் எழுதிப் பழகுங்கள், அம்மணி. ஆயத்த வார்ப்புருக்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஈரோடு, மஞ்சள் வியாபாரி: எங்கள் பழைய தமிழ்ப் பக்கம் கைபேசியில் புரியாத எழுத்துகளாகத் தெரிகிறதே?

உங்கள் பக்கம் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருக்க வேண்டும். அதில் 'அம்மா' என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளே. அந்த எழுத்துரு இல்லாத கருவி அவற்றை அப்படியே காட்டிவிடும். மஞ்சள் என்று தமிழில் தேடுபவருக்கும் அப்பக்கம் அகப்படாது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் பொதுத் தரமான ஒருங்குறியில் (யுனிகோடு) தமிழுக்கு 1991-இலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆகவே எல்லாவற்றையும் எழுத்துரு மாற்றும் மென்பொருளைக் கொண்டு ஒருங்குறிக்குக் கொண்டுவந்து, வரி வரியாக மெய்ப்புப் பார்த்து, பக்கத்தின் எச்.டி.எம்.எல். தலைப்பகுதியில், ஒருங்குறியைச் சேமிக்கும் முறையான யு.டி.எஃப்.-8 என்பதைக் குறிப்பிடுங்கள். எழுத்துகளைப் படமாக்கி ஒட்டுவது தீர்வாகாது; கண் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளால் படத்திலுள்ள சொற்களை நம்பகமாகப் படிக்க இயலாது.

கரூர், புதிய வடிவமைப்பாளர்: ஆங்கிலத்துக்கென வரைந்த வடிவத்தில் தமிழை வைத்தால் நெரிசலாக இருப்பது ஏன்?

'கீ' என்பதன் சுழி மேலே எழுகிறது, 'ழு' கீழே இறங்குகிறது. இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் நேர்ப்பட்டால் முட்டிக்கொள்ளும். நான் வரி உயரத்தை எழுத்தின் அளவைப்போல் 1.7 மடங்காக வைக்கிறேன், எழுத்திடைவெளியைக் கூட்டுவதேயில்லை. பொத்தானுக்கு நிலையான அகலம் தராதீர்கள். ஒரு பின்னலாடை நிறுவனத்துக்கு நான் செய்த முதல் பக்கத்தில் 'தொடர்புகொள்ளுங்கள்' என்பது 'தொடர்புகொள்' என்று வெட்டுப்பட்டு, வாடிக்கையாளரை ஒருமையில் ஏவுவதுபோல் நின்றது. மரியாதையாகப் பேசும் நம் ஊரில் அது எவ்வளவு பெரிய பிழை என்பதை அன்று உணர்ந்தேன். அதன்பின் 360 பிக்சல் அகலமுள்ள கைபேசித் திரையில் ஒவ்வொரு சொல்லையும் சரிபார்க்காமல் எதையும் நான் ஒப்படைத்ததில்லை.

பொள்ளாச்சி, தேங்காய் மண்டி உரிமையாளர்: வடிவமைப்பாளரிடம் முன்கூட்டியே எதைப் பேசிக்கொள்ள வேண்டும்?

எத்தனை முறை திருத்தம் செய்து தருவார், படங்களையும் செய்திகளையும் யார் தருவது என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தளப்பெயரை, அதாவது உங்கள் பக்கத்தின் இணைய முகவரியை, உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலுமே பதிவு செய்யுங்கள். வடிவமைப்பாளர் மாறினாலும் தளப்பெயர் உங்களிடமே இருக்கும்.