வாசகர் கேள்விகள்: எல்டி-1 எஞ்சினைப் பிரித்துக் கட்டும்போது

கேள்வி: என்னிடம் இருப்பது 1970 செவர்லே கமாரோ இசட்-28 கார். அதன் 350 கன அங்குல எல்டி-1 எஞ்சின் ஆயில் குடிக்கிறது. 30 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) போர் போட்டு, அதாவது சிலிண்டர் துளையைப் பெரிதாக்கி, பிளாக்கின் (சிலிண்டர்கள் உள்ள அடிப்பாகத்தின்) மேல்தளத்தையும் சீவச் சொல்கிறார் பட்டறைக்காரர். செய்யலாமா?

பதில்: போர் போடலாம். 4 அங்குலத் துளை 4.030 ஆகும், கொள்ளளவு 355 கன அங்குலம் ஆகும். சீவுவதற்கு மட்டும் அவசரப்படாதீர்கள். வலது ஹெட்டுக்கு (பிளாக்கை மூடும் மேல்பாகத்துக்கு) முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு மேடையில்தான் எஞ்சின் எண் இருக்கிறது. அது மேல்தளத்தின் மட்டத்திலேயே இருப்பதால், கட்டர் ஓடினால் எண் அழிந்துவிடும். வண்டியோடு பிறந்த எஞ்சின் இது என்பதற்கு அதுதான் முக்கியமான சாட்சி. தளம் கோணியிருந்தால் மட்டும், அந்த மேடையைத் தொடாமல் சீவச் சொல்லுங்கள்.

பிஸ்டன்கள் கைக்கு வந்த பிறகுதான் போர் போட வேண்டும். ஹோனிங் செய்யும்போது (துளைச் சுவரைக் கல்லால் தேய்த்து முடிக்கும்போது) பிளாக்கின் மேல் டார்க் பிளேட், அதாவது ஹெட்டுக்குப் பதிலாக இறுக்கும் தடித்த தகடு, முடுக்கியிருக்க வேண்டும். ஹெட் போல்ட்டை 65 அடி-பவுண்டுக்கு இறுக்கினால் சிலிண்டர் சற்றே கோணும். பிளேட் இல்லாமல் ஹோன் செய்த துளை மேசைமேல் வட்டமாக இருக்கும், ஹெட் ஏறியதும் வட்டம் கெட்டுவிடும். பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கு இடையிலான வாய் இடைவெளி, மேல் ரிங்குக்கு, போர் அங்குலத்துக்கு 4 தௌ என்ற கணக்கில் 16 தௌ. இரண்டாவது ரிங்குக்கு 18 வையுங்கள்.

கேள்வி: பழைய 11:1 கம்ப்ரஷனையே (சிலிண்டரில் கலவை அழுத்தப்படும் விகிதத்தையே) வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துக் கணக்கு. அமெரிக்க பங்க்குகளில் இன்று கிடைக்கும் 91-93 ஆக்டேனுக்கு, வார்ப்பிரும்பு ஹெட்டோடு 9.5-ஐத் தாண்டினால் நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டும் சத்தம்) வரும். ஜெனரல் மோட்டார்ஸே 1971-ல் 9:1-க்கு இறங்கியது. 360 குதிரைத்திறன் 330 ஆனது. கம்ப்ரஷனைக் குறைக்கிறேன் என்று தடித்த ஹெட் கேஸ்கெட் போடுவது தப்பு. பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையே 40 தௌ அளவில் இருந்தால்தான் கலவை நன்றாகக் கலங்கி எரியும். தலை குழிந்த பிஸ்டன் போட்டுக் குறையுங்கள்.

கேள்வி: பூட்டும்போது பலர் மறப்பது எது?

பதில்: கிராங்க் தண்டின் பின்பக்கப் பேரிங்கைப் பிடிக்கும் மெயின் கேப்புக்கு அடியில் ஆயில் வழியில் ஒளிந்திருக்கும் குட்டிப் பிளக். பிளாக்கைக் கழுவக் கழற்றியவர்கள் திரும்பப் போடுவதில்லை. ஆயில் ஃபில்டரைத் தொடாமலே சுற்றும், அழுத்தமும் இருக்கும், அதனால் சந்தேகமே வராது. இன்னொன்று, ஹெட் போல்ட் துளைகள் தண்ணீர் ஜாக்கெட்டுக்குள் திறப்பவை. மரையில் சீலன்ட் தடவாவிட்டால் கூலன்ட் ஏறிக் கசியும்.

கேள்வி: புதுக் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) அரைமணி நேரத்தில் தேய்ந்துவிட்டது. கேம் மட்டமானதா?

பதில்: பெரும்பாலும் குற்றம் முதல் ஓட்டத்தில்தான். இதில் இருப்பது தட்டை அடி லிஃப்டர், அதாவது கேமின் மேல் ஓடி வால்வைத் தள்ளும் துண்டு. லோபில் (கேமின் மேட்டில்) சிறு சரிவும் லிஃப்டர் அடியில் நுண்ணிய குவிவும் இருப்பதால் அது சுழன்றுகொண்டே ஓட வேண்டும். சுழற்சி நின்றால் லோப் போச்சு. புதுக் கேமுக்குப் புது லிஃப்டரே போடுங்கள். வால்வுக்கு இரட்டை ஸ்ப்ரிங் என்றால் உள் ஸ்ப்ரிங்கை முதல் ஓட்டத்துக்குக் கழற்றிவையுங்கள்.

லோபுக்கு ஆயில் வருவது கிராங்க் சிதறலால். ஐடிலில் சிதறல் போதாது. ஆகவே ஸ்டார்ட் ஆன நொடியிலேயே 2,000-2,500 ஆர்பிஎம், அதற்குள்ளேயே ஏற்றி இறக்கி 20 நிமிடம். நெடுநேரம் கிராங்க் செய்வதும் கேடு. டைமிங்கை முன்பே வைத்து, கார்புரேட்டர் கிண்ணத்தையும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன், டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு டிரில்லால் ஆயில் பம்பைக் கடிகாரச் சுற்றில் ஓட்டி, எஞ்சினைக் கையால் மெல்லத் திருப்பி, வால்வுகளை அழுத்தும் 16 ராக்கரிலும் ஆயில் வருகிறதா பாருங்கள். டிரில்லில் வெறும் கம்பியைச் செருகினால் டிஸ்ட்ரிபியூட்டர் இருந்த துளை வழியே அழுத்தம் ஒழுகிவிடும். பல்சக்கரம் கழற்றிய பழைய டிஸ்ட்ரிபியூட்டர் உடலோடு செய்யுங்கள். துத்தநாகம், பாஸ்பரஸ் கூடுதலாக உள்ள பிரேக்-இன் ஆயில் ஊற்றுங்கள். கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்காக இன்றைய சாதா ஆயிலில் இவற்றைக் குறைத்துவிட்டார்கள்.

20 நிமிடம் முடிந்ததும் ஆயிலை மாற்றி, ஃபில்டரை வெட்டி மடிப்பை விரித்துப் பாருங்கள். கொஞ்சம் நுண்பொடி இருக்கத்தான் செய்யும். காந்தத்தில் ஒட்டும் செதில்கள் என்றால் கேமையும் லிஃப்டரையும் பாருங்கள், ஒட்டாத மினுமினுப்பு என்றால் பேரிங்கை.