குவார்ட்டெட் முடிந்ததும் சனிக்கோள்: கேள்வி பதில்

வானாய்வகத்தில் அறை இசை (சிறு குழுவாக வாசிக்கும் மேற்கத்திய இசை) கேட்டுவிட்டு, அப்படியே டெலஸ்கோப்பில் வானம் பார்க்கும் மாலைகளைப் பற்றி நண்பர்கள் கேட்டவை இவை. இப்படிப்பட்ட மாலைகளில் பல வருடங்களாக டெலஸ்கோப் பக்கத்தில் நிற்கிறேன், செல்லோவும் வாசிப்பேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: இசைக்கும் நட்சத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் சார்? கூட்டம் சேர்க்கத்தானே இரண்டையும் ஒன்றாக வைக்கிறார்கள்?

யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலுக்கு இசைதான் தொழில். இங்கிலாந்தின் பாத் நகரில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார், இருபதுக்கும் மேற்பட்ட சிம்பொனிகள் எழுதினார். ராத்திரியில், தன் கையாலேயே தேய்த்து உருவாக்கிய டெலஸ்கோப் ஆடியை வைத்து வானத்தைத் துழாவினார். 1781 மார்ச் 13 அன்று யுரேனஸ் கண்ணில் பட்டபோது முதலில் அதை வால்நட்சத்திரம் என்றே நினைத்தார். தங்கை கரோலின் கச்சேரிகளில் பாடியவர், அப்புறம் எட்டு வால்நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தார். ஸ்ட்ரிங் குவார்ட்டெட், அதாவது இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ சேர்ந்து வாசிக்கும் வடிவத்தை வளர்த்தெடுத்த இசையமைப்பாளர் ஹைடன், 1792-ல் ஹெர்ஷலின் பெரிய டெலஸ்கோப்பைப் போய்ப் பார்த்திருக்கிறார். இந்தச் சொந்தம் பழையது.

கேள்வி: எது முதலில் இருந்தால் நல்லது?

இசைதான். இருட்டுக்குள் போனதும் கண்ணின் பாவை சட்டென்று விரிந்துவிடும். ஆனால் மங்கலான ஒளியை உணரும் செல்கள் முழுதாகத் தயாராக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஹைடனின் ஒரு குவார்ட்டெட்டும் ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடம்தான்! விளக்குகளைத் தணித்துவிட்டு வாசித்தால், கேட்டுக்கொண்டிருக்கும்போதே கண் பழகிவிடும். காத்திருக்கிறோம் என்றே தோன்றாது.

ஆனால் ஒரு மாலை, கடைசி ஸ்வரம் அடங்கியதும் யாரோ நல்லெண்ணத்தில் டியூப்லைட்டைப் போட்டுவிட்டார்கள். அத்தனை பேரின் கண்ணும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தயவுசெய்து செல்போனைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள்.

கேள்வி: நான் அப்படி ஒரு மாலையில் வயலின் வாசிக்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில், எங்கே வாசிக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். டெலஸ்கோப் இருக்கும் குவிமாடத்துக்குள் என்றால் இரண்டு சிக்கல். வளைந்த கூரை ஒலியை ஓரிடத்தில் குவிக்கும், இன்னோர் இடத்தில் மெலியவைக்கும். எதிரொலியும் நீளம், வேகமான இடங்கள் குழம்பிப்போகும். மெதுவாக நகரும் பகுதிகள் அங்கே அழகாக நிற்கும்.

இரண்டாவது, வெப்பம். ஆடியும் மாடத்துக்குள் இருக்கும் காற்றும் வெளிக்காற்றின் குளிருக்கு வந்தால்தான் பிம்பம் நடுங்காது. வாத்தியத்துக்கோ கதகதப்பு வேண்டும், குளிரில் சுருதி நகரும், பிருடை வழுக்கும். போதாததற்கு, உள்ளே உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் உடல்சூடு வேறு. கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சனில், 1917-ல் வானத்தைப் பார்க்கத் தொடங்கிய 100 அங்குல டெலஸ்கோப்பின் மாடத்துக்குள்ளேயே கச்சேரி நடப்பதுண்டு. ஆனால் அது பிற்பகலில். அதே மாலை வானமும் பார்ப்பதென்றால், பக்கத்து அறையில் வாசிப்பதுதான் என் ஓட்டு.

இன்னொன்று: இசைக்குறிப்பு நோட்டில் சிவப்புப் பென்சிலால் குறித்திருந்தால் கருப்பில் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். கண்ணைக் கெடுக்காமல் இருக்க சிவப்பு விளக்குதான் தருவார்கள். அதில் சிவப்புக் குறிப்புகள் மறைந்துபோகும்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. படங்களில் பார்த்த வண்ண நெபுலாக்களை (வானத்து வாயு மேகங்களை) எதிர்பார்க்கிறான். ஏமாந்துவிடுவானோ?

முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் அம்மா. மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது, நெபுலா சாம்பல் நிறப் புகைபோலத்தான் இருக்கும். அதையும் நேராக உற்றுப் பார்க்காமல் சற்றே ஓரக்கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள், கூடுதலாகத் தெரியும். நிறம் வேண்டுமென்றால் அல்பிரியோவைக் கேளுங்கள். வெறும் கண்ணுக்கு ஒற்றை நட்சத்திரம், டெலஸ்கோப்பில் பொன்னிறத்தில் ஒன்றும் நீலத்தில் ஒன்றுமாக இரண்டு! சனிக்கோள் அந்த நேரத்தில் வானில் இருந்தால் கவலையே வேண்டாம், வளையத்தைப் பார்த்துவிட்டு அவன் தூங்க மாட்டான்.

கேள்வி: பௌர்ணமியன்று போகலாமா?

வேண்டாம். வளர்பிறை எட்டாம் நாள் வாக்கில் போங்கள். நிலவில் ஒளியும் நிழலும் சந்திக்கும் கோட்டோரம் பள்ளங்கள் ஆழமாகத் தெரியும்.

கேள்வி: மேகம் மூடிவிட்டால்?

இசை இருக்கிறதே! இன்னொரு குவார்ட்டெட் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்குள் விலகினாலும் விலகும்.

கேள்வி: வாத்தியத்தைப் பெட்டியில் வைத்து மூடுவதற்குள் வரிசை நீண்டுவிடுகிறது. வாசித்த எங்களுக்கு வானம் கிடைக்குமா?

கடைசியாக வாருங்கள். நோட்டைப் பார்த்துப் பார்த்து உங்கள் கண்கள்தான் அதிக வெளிச்சம் பட்டவை, அவை பழக நேரம் வேண்டும். வரிசை கலைந்து, மாடம் நன்றாகக் குளிர்ந்தபிறகு பிம்பம் அசையாமல் நிற்கும். அந்த நேரத்துக்காக ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தையோ, அது இல்லாத பருவத்தில் நட்சத்திரங்கள் உருண்டையாகத் திரண்ட ஒரு கோளக் கொத்தையோ நான் எடுத்து வைத்திருப்பேன். பின்னால் யாரும் காத்திருக்க மாட்டார்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம்.