பானைக்கு மெருகேற்றும் மரப்பிசின்

கேள்வி: அமெரிக்காவின் நவஹோ பழங்குடியினர் வனையும் பழுப்பு நிறப் பானைகள் வார்னிஷ் அடித்தவை போல் பளபளக்கின்றனவே, அது எதனால்? அவற்றில் சமைக்க முடியுமா?

பதில்: பளபளப்புக்குக் காரணம் பின்யோன் என்னும் பைன் மரத்தின் பிசின்தான். இந்தக் கைத்தொழில் இன்று பெரிதும் அரிசோனா மாநிலத்தின் வடபகுதியில், ஷோன்டோ, கௌ ஸ்பிரிங்ஸ் ஆகிய ஊர்களைச் சுற்றியே நடக்கிறது. அங்குள்ள குயவர்களுக்குச் சக்கரமும் இல்லை, சூளையும் இல்லை. தோண்டி எடுத்த களிமண்ணைச் சலித்து, மணலோ பழைய பானை ஓடுகளை இடித்த பொடியோ சேர்த்துப் பிசைந்து, கயிறாக உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி எழுப்புகிறார்கள். பிறகு சுவரை வழித்து, மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிராலும் கல்லாலும் தேய்த்துச் சமன்படுத்துகிறார்கள். கழுத்தைச் சுற்றி ஒட்டும் மண் வளையத்தை முழுவதுமாக மூடாமல் ஓரிடத்தில் சிறிது இடைவெளி விடுவது மரபு.

நன்றாகக் காய்ந்த பானையைத் திறந்தவெளியில், ஜூனிப்பர் விறகு அடுக்கிச் சுடுகிறார்கள். கனலும் விறகும் பட்ட இடங்களில் கருந்திட்டுகள் படியும். அவற்றைக் குறை என்று ஒதுக்குவோரும் உண்டு. என் கண்ணுக்கு அவையே அந்தப் பானையின் அழகு. சூடு ஆறுவதற்குள் உருக்கிய பிசினை உள்ளும் புறமும் தடவிவிட, அது மண்ணின் நுண்துளைகளில் இறங்கி நீர்க்கசிவைத் தடுப்பதோடு மினுமினுப்பையும் தருகிறது.

முற்காலத்தில் இத்தகைய பானைகளில்தான் சமைத்தார்கள். 1880களில் ரயில் வந்து, வணிகர்களின் கடைகளில் உலோகப் பாத்திரங்கள் எளிதாகக் கிடைக்கத் தொடங்கியதும், வீட்டுப் பானைகளுக்குத் தேவை குறைந்தது. சடங்குகளுக்கு வேண்டியவை மட்டும் தொடர்ந்தன. வாயில் தோல் கட்டி, உள்ளே நீர் ஊற்றி முழக்கும் பானை முரசு அவற்றுள் ஒன்று. அவ்வகைப் பெரும் சாடிகளை வனைந்து பெயர் பெற்றவர் ரோஸ் வில்லியம்ஸ். அவர் மகள் ஆலிஸ் கிளிங், பானையைச் சுடுவதற்கு முன்பே வழவழப்பான கல்லால் நெடுநேரம் தேய்த்து, பிசினை மெல்லிதாகப் பூசி, கலைப்பொருள் சேகரிப்போரையும் இந்தப் பானைகளின் பக்கம் திருப்பினார்.

எனவே, இப்போது விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை அலங்காரத்துக்கானவை. அடுப்பில் ஏற்றினால் பிசின் இளகிவிடும். சமையலுக்கு வேறு சட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.