கோது வெட்டும் மெசின்: ட்றில்லில் மாட்டுவதா, மேசையில் வைப்பதா?

கேள்வி: திருகோணமலை அன்புவழிபுரத்தில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கனடாவில் இருக்கும் மகன் உரிமம் எடுத்து இலக்குச் சுடும் கழகம் ஒன்றுக்குப் போகிறான். சுட்ட 308 வின்செஸ்டர் துப்பாக்கித் தோட்டாக்களின் வெற்றுப் பித்தளைக் கோதுகளைத் திரும்ப நிரப்பிப் பாவிக்கிறான். மாதம் 200 வரை வரும். கையால் வெட்டி அலுத்துப்போய் கோதை அளவுக்கு வெட்டும், கரண்டில் ஓடும் ட்ரிம்மர் வாங்கப் போகிறானாம். ட்றில்லில் மாட்டும் தலையா, மேசை மெசினா நல்லது? ஊருக்கு வரும்போது கொண்டுவந்தால் பட்டறையில் சின்னப் பித்தளைக் குழாய் வெட்ட உதவுமா?

பதில்: ஒரே வகைத் தோட்டா, மாதம் 200 கோது என்றால் ட்றில்லில் மாட்டும் தலை தாராளம். கோதைக் கையில் பிடித்து உள்ளே தள்ள, அதன் தோள் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) பெயரிங்கில் பதித்த கிண்ணத்தில் முட்டி நிற்கும். அதற்கப்பால் சுழலும் கட்டர் கழுத்து விளிம்பைச் சீவும். ஒரு கோதுக்குச் சில வினாடிதான். மூன்று நான்கு வகைத் தோட்டா சுடுபவருக்கே மேசை மெசின் காசுக்குத் தகும். அதிலும் ஜிராட் போன்றவை நீளத்தை வெட்டும்போதே விளிம்பின் உள்ளும் புறமும் சீவிவிடும். மிச்சமாகும் நேரம் அங்கேதான், ஏனென்றால் வெட்டுவதைவிட விளிம்பு சீவுவதே கையைக் கடுக்க வைக்கும் வேலை.

எதை வாங்கினாலும் முதலில் நல்ல வேர்னியர் ஒன்று வேண்டும். 308 கோதின் உச்ச நீளம் 51.18 மில்லிமீற்றர், வெட்டி நிறுத்தும் நீளம் 50.93. இடைவெளி கால் மில்லிமீற்றர் மட்டுமே. சுடும்போதும், பிறகு டை எனும் அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவரும்போதும் பித்தளை முன்னோக்கி நகர்ந்து கழுத்து நீளும். உச்சத்தைத் தாண்டிய கழுத்து துப்பாக்கி அறையின் முன் விளிம்பில் முட்டிச் சன்னத்தை இறுக்கிப் பிடிக்கும். சன்னம் இலகுவாக விடுபடாததால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். கோது வெட்டுவது அழகுக்காக அல்ல.

வரிசை மாறக்கூடாது: கழுவி, அடியில் பதித்த பழைய பிரைமரை (தோட்டாவைப் பற்றவைக்கும் சின்ன மூடியை) எடுத்து, முழு நீள டையில் அழுத்தி, பூசிய எண்ணெயைத் துடைத்த பிறகே அளக்க வேண்டும். அழுத்துமுன் வெட்டினால் அழுத்தும்போது கழுத்து மறுபடி நீளும். செய்த வேலை வீண். ட்றில்லை வைஸில் அசையாமல் இறுக்கி, ஒரு கோதை வெட்டி அளந்து திருகைச் சரிசெய்யட்டும். அடுத்து ஐந்து கோது வெட்டி, ஐந்தையும் அளக்கட்டும். ஒத்து வந்தால் அதன்பின் இருபதுக்கு ஒன்று அளந்தால் போதும்.

நீளம் ஒன்றுக்கொன்று மாறினால் உடனே கட்டரைக் குறை சொல்ல வேண்டாம். கிண்ணத்தின் அடியில் எண்ணெயோடு சேர்ந்து மாவுபோல் ஒட்டிய பித்தளைத் தூள்தான் பெரும்பாலும் காரணம். தூரிகையால் தட்டி எடுத்தால் சரியாகிவிடும். அடுத்தது டை. தோளை அளவுகோலாக வைக்கும் மெசினில், டை தோளைக் கூடக்குறையத் தள்ளியிருந்தால் அதே வித்தியாசம் நீளத்திலும் வரும். அடிவிளிம்பைப் பிடிக்கும் மேசை மெசின்களில் நெளிந்த விளிம்பே இதே கோளாறைத் தரும். கைத் தள்ளலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்: கட்டரின் சத்தம் அடங்கும்வரை தள்ளி, பிறகு எடுக்கட்டும்.

வெட்டிய விளிம்பில் நகம் வைத்தால் இடறும் பிசிறு இருக்கும். உள்ளே சீவாமல் விட்டால் சன்னத்தின் செப்புறை உரிந்து கழுத்தில் சுருளாக நிற்கும். கத்திபோல் கூராகும்வரை சீவுவதும் பிழை. பிசிறு போனால் போதும். கோதைக் கவிழ்த்துத் தட்டித் தூளை வெளியேற்றிய பிறகே அடுத்த வேலை.

ஒன்றை மகனுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். கோதின் அடிக்குச் சற்று மேலே வெளியே பளபளக்கும் வளையக் கோடு தெரிந்தால், அல்லது நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு வருடும்போது அதே இடத்தில் பள்ளம் தட்டுப்பட்டால், அந்தக் கோதை நசுக்கி எறிய வேண்டும். கழுத்து நீளப் போன பித்தளை அங்கிருந்து வந்ததுதான். சுவர் மெலிந்த கோது அடுத்த சூட்டில் இரண்டாகப் பிரியலாம். எந்த ட்ரிம்மரும் அதைத் திருத்தாது. பிரைமர் கரியில் ஈயம் உண்டு. வேலை சமையலறை மேசையில் வேண்டாம், முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும். கண்ணாடியும் அணியட்டும்.

குழாய் விடயம்: உதவாது. கிண்ணம் அந்தக் கோதின் தோளுக்கென்றே கடைந்தது, தோளில்லாத குழாய் எதிலும் முட்டி நிற்காது. உங்கள் லேத்தில் குழாயைப் பிடிக்கும் கொலெட் ஒன்றும் நிறுத்தியும் பொருத்தினால் இதைவிடத் திருத்தமாக வெட்டலாம். மேசை மெசின் என்றால் மின்சாரமும் பொருந்தாது. கனடாவில் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே இலங்கையில் 230, 50. நேரே செருகினால் மோட்டர் எரியும். ட்ரான்ஸ்போமர் வோல்ற்றைத்தான் குறைக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. ஆகவே இன்டக்ஷன் மோட்டராக இருந்தால் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில், கூடுதல் சூட்டோடு ஓடும்.

மகன் வரும்போது பொதியில் கோது, பிரைமர், வெடிமருந்து எதுவும் இருக்கக்கூடாது. வெற்றுக் கோது ஒன்று மூலையில் கிடந்தாலும் விமான நிலையத்தில் விசாரணைதான். உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்கூட இங்கே அனுமதியின்றி வீட்டில் தோட்டா நிரப்பக்கூடாது. மெசினைச் சோதித்துப் பார்க்கவென்று, நம் பக்கத்துக் காணிகளில் கிண்டும்போது வரும் பழைய தோட்டாக்களை எடுக்கவே வேண்டாம். அவற்றில் வெடிக்காதவையும் இருக்கலாம். கண்டால் தொடாமல் பொலிசுக்குச் சொல்லுங்கள்.