குப்பைமேனி இலைச் சாறு கிருமியைக் கொல்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

பாபநாசம் பக்கம் சிரங்குக்கு மஞ்சளோடு அரைத்துப் பூசும் குப்பைமேனியை ஆய்வகத்தில் எப்படிச் சோதிப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

செடி அதுதானா என்று தாவரவியலாளர் உறுதிசெய்தபின், இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, நீரிலோ எத்தனால், மெத்தனாலிலோ ஊறவைத்து வடிகட்டி, கரைப்பானை ஆவியாக்குவார்கள். மிஞ்சும் பசையை மீண்டும் சிறிது கரைப்பானில் கரைத்து 6 மில்லிமீட்டர் காகித வட்டில் ஏற்றி, கிருமி தடவிய அகார் (கிருமி வளர்க்க உதவும் கூழ்) தட்டில் வைத்து, 37 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு விடுவார்கள். கிருமி வளராவிட்டால் வட்டைச் சுற்றித் தெளிந்த வளையம் தெரியும்.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். வெறும் கரைப்பான் ஏற்றிய வட்டும் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கொன்றது இலையா, மெத்தனாலா? (பாட்டி மெத்தனாலில் அரைக்கவில்லை என்பதால் நீர்ச் சாற்றையும் விடக்கூடாது.) வளையத்தின் அகலத்தை மட்டும் நம்பவும் முடியாது. அகாரில் எளிதில் பரவாத பொருள், வீரியம் இருந்தும் சிறிய வளையமே காட்டும். ஆகவே வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்சச் செறிவைத் தனியாக அளப்பார்கள்.

நச்சுச் சோதனை வேறு. ஜி6பிடி (இரத்தச் சிவப்பணுக்களைச் சிதையாமல் காக்கும் நொதி) குறைபாடு உள்ளவர்கள் குப்பைமேனியை உட்கொண்டு இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. உள்ளுக்குச் சாப்பிடுவதென்றால் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.