ட்ரெய்லர் டயருக்குக் காற்று: பெட்டியில் உள்ள 150-ஐப் பார்த்து வாங்காதீர்கள்

தம்பி, இந்த நாட்டுக்கு வந்து நாலு மாதத்தில் பழைய ட்ரெய்லர் ஒன்று வாங்கிவிட்டீர்கள். இரண்டு அச்சு, நாலு சக்கரம், எஸ்டி (ட்ரெய்லருக்கென்றே செய்யும் வகை) 225/75ஆர்15 டயர், லோட் ரேஞ்ச் (சுமை தாங்கும் தரம்) இ. எந்தக் கம்ப்ரசர் வாங்கலாம், இன்சூரன்ஸ் எப்படி, வாடகைக்கு விட்டால் கட்டுப்படியாகுமா என்று மூன்று கேள்விகள். இன்சூரன்ஸை உங்கள் கார் பாலிசிக்காரரிடமே கேளுங்கள். வாடகை யோசனை இப்போதைக்கு வேண்டாம். கம்ப்ரசரைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் திரும்பத் திரும்ப ஏமாறுவது அதில்தான்.

வந்த புதிதில் எல்லோருமே காரை வைத்துத்தான் கணக்குப் போடுவோம். கார் டயருக்கு 32, 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) போதும். எஸ்டி டயர் அப்படியல்ல. பொதுவாக லோட் ரேஞ்ச் சி என்றால் 50, டி என்றால் 65, இ என்றால் 80. டயரின் பக்கவாட்டில் உச்ச அழுத்தம் என்று அச்சிட்டிருக்கும் அளவுக்கே, டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்புங்கள். காற்று குறைந்தால் பக்கவாட்டு ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து சூடேறும். கடைசியில் மேல்பட்டை உரிந்து வரும். கார் ஓட்டுகிறவருக்கு அது கையில் தெரியாது. உரிந்த ரப்பர் மட்கார்டைப் பிய்த்துக்கொண்டு பறக்கும்போதுதான் கண்ணாடியில் தெரியும்.

இனி அந்த 150. கைக்கு அடக்கமான மலிவு கம்ப்ரசர் பலவற்றிலும் பெட்டி மேல் 150 பிஎஸ்ஐ என்று போட்டிருக்கும். நம்மவர்கள் அதைப் பார்த்து, "80 தானே வேண்டும், தாராளம்" என்று வாங்கிவிடுகிறார்கள். அது தள்ளக்கூடிய உச்ச அழுத்தம் மட்டுமே. எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம் தாங்கி ஓடும் என்பதை அது சொல்லாது. உங்கள் டயருக்குள் சுமார் 50 லிட்டர் இடம். 60-லிருந்து 80-க்கு ஏற்ற, வெளிக்காற்று ஏறக்குறைய 70 லிட்டர் உள்ளே போக வேண்டும். எதிர் அழுத்தமே இல்லாமல் நிமிடத்துக்கு 30 லிட்டர் தள்ளும் கருவி, 80-ஐ நெருங்கும்போது அதில் பாதியைக்கூடத் தள்ளாமல் போகலாம். அப்படியானால் ஒரு டயருக்கே ஐந்தாறு நிமிடம். நாலு டயரையும் அடிப்பதற்குள் மோட்டார் கொதித்து நின்றுவிடும். சிலது திரும்ப ஓடவே ஓடாது.

ஆகவே இரண்டு விவரங்களைத் தேடுங்கள். ஒன்று, குறிப்பிட்ட அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர். இரண்டு, எத்தனை நிமிடம் ஓட்டி எத்தனை நிமிடம் ஆறவிட வேண்டும். ஓடும் நேரம் 33 சதவீதம் என்று இருந்தால் பத்து நிமிடம் ஓட்டி இருபது நிமிடம் நிறுத்த வேண்டும் என்று அர்த்தம். இந்த இரண்டையும் போடாத பெட்டியைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

மின்சாரம் இன்னொரு சிக்கல். காரின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்குப் பெரும்பாலும் 10 முதல் 20 ஆம்பியர் ஃபியூஸ்தான். 15 என்றே வைத்தாலும் 12 வோல்ட்டில் 180 வாட். உருப்படியான கம்ப்ரசர் 20, 30 ஆம்பியர் இழுக்கும்; அதைக் கிளிப் போட்டு நேராக பேட்டரியில் மாட்ட வேண்டும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஃபியூஸ் போகிறது என்று பெரிய ஃபியூஸைப் போடுகிறவர்கள் நம்மில் நிறைய. தயவுசெய்து செய்யாதீர்கள், அடுத்து எரிவது ஒயர்தான். பின் சக்கரம் எட்டவில்லையா? மின்சார ஒயரை நீட்டாமல் காற்றுக் குழாயை நீட்டுங்கள். மெல்லிய ஒயர் நீளமானால் வோல்டேஜ் விழுந்து மோட்டார் திணறும். இல்லையென்றால், கழற்றி மாட்டும் பேட்டரியில் ஓடும் வகையைச் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகலாம். பேட்டரி இரண்டு வேண்டும்.

குழாயின் முனை திருகுவதாக இருந்தால், 80 பிஎஸ்ஐ-யில் கழற்றுகிற நேரத்திலேயே காற்று சீறிப் போகும். பித்தளை முனை சூடாகவும் இருக்கும், விரலைச் சுடும். நெம்புகோல் வைத்த கவ்வு முனையே நல்லது.

காற்று அடிக்கும்போது கருவியின் மீட்டர் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும், ஏனென்றால் அது பார்ப்பது குழாயின் அழுத்தத்தை. நிறுத்திவிட்டுத் தனி கேஜ் வைத்துப் பாருங்கள். கிளம்பும் முன், வெயில் படாத டயரில் பார்க்க வேண்டும். 80 பிஎஸ்ஐ டயரில் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் மூன்று பிஎஸ்ஐக்கு மேல் ஏறும். ஓடிச் சூடான டயரில் கூடுதலாகக் காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிடாதீர்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

வால்வையும் கவனியுங்கள். டிஆர்413 என்ற சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைதான். லோட் ரேஞ்ச் இ டயரில் யாராவது அதைப் போட்டிருந்தால், உயர் அழுத்த வால்வோ உலோக வால்வோ மாற்றச் சொல்லுங்கள். உச்ச அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்த நிலையில் டயர் ஓடியிருந்தால், வெறுமனே காற்று அடித்துக்கொண்டு போகாதீர்கள். கழற்றி உள்பக்கம் பார்க்க வேண்டும். ரிம்மை விட்டு இறங்கிய டயரை உட்கார வைக்க ஒரே வீச்சில் நிறையக் காற்று வேண்டும். சின்னக் கம்ப்ரசரால் அது ஆகாது.

உங்களுடையது பழைய ட்ரெய்லர் என்பதால் கம்ப்ரசர் வாங்கும் முன் டயரின் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு இலக்கம்: 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரம். சில டயரில் அந்த எண் உள்பக்கச் சுவரில்தான் இருக்கும், டார்ச்சோடு கீழே குனிய வேண்டும். ஆறு வருடம் தாண்டியிருந்தால் பட்டை புதிதாகத் தெரிந்தாலும் முதல் செலவு டயருக்கு, கம்ப்ரசர் அடுத்த மாதம்.